சென்னை டு திருவண்ணாமலை: விமானத்தில் போனால் எத்தனை நிமிடம்? தூரமும் நேரமும், முழு விவரம்

பௌர்ணமி நெருங்கினாலே கூகுளில் சில கேள்விகள் சூடு பிடித்துவிடும். "சென்னை டு திருவண்ணாமலை எவ்வளவு தூரம்?", "திருவண்ணாமலைக்கு விமானம் இருக்கா?", "விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும்?" தேடினால் பதிலும் உடனே வந்துவிடுகிறது. ஒரு தளம் 160 கிலோமீட்டர் என்கிறது. இன்னொன்று 195 என்கிறது. விமான நேரம் 40 நிமிடம் என்று சொல்லும் தளங்களும் உண்டு.

ஆனால் திருவண்ணாமலையில் விமான நிலையமே கிடையாது! அப்புறம் எப்படி 40 நிமிடம்?

வெளிநாட்டில் இருந்து வரும் உறவினர்களையோ, வயதான பெற்றோரையோ கிரிவலத்துக்கு அழைத்துப் போகிறவர்கள் இந்த எண்களை நம்பித்தான் திட்டம் போடுகிறார்கள். எந்த எண் எதைச் சொல்கிறது என்று தெரியாமல் போனால், தரிசனத்துக்கு வைத்திருந்த நேரம் முழுக்க வழியிலேயே கரைந்துவிடும். அதனால் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒரே ஊருக்கு மூன்று தூரமா?

ஆமாம். சென்னைக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே மூன்று தூரங்கள் இருக்கின்றன. மூன்றும் சரிதான்.

* வான்வழித் தூரம்: சுமார் 160 கி.மீ.
* சாலைத் தூரம் (திண்டிவனம், செஞ்சி வழி): சுமார் 190 முதல் 200 கி.மீ.
* ரயில் தூரம் (காட்பாடி அல்லது விழுப்புரம் வழி): சுமார் 225 முதல் 230 கி.மீ.

வரைபடத்தில் இரண்டு ஊர்களுக்கும் புள்ளி வைத்து, ஸ்கேல் பிடித்து ஒரு கோடு போட்டால் வருவது வான்வழித் தூரம். சாலை அப்படி நேராகப் போகாது. ஏரி, மலை, ஊர் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு போகும். அதில் 30, 40 கி.மீ. கூடிவிடுகிறது. ரயில் பாதை அதைவிடவும் சுற்று. ஏன் என்று பின்னால் பார்க்கலாம்.

சாலைத் தூரத்திலும் ஒரு விஷயம் உண்டு. சென்னை என்றால் எந்தச் சென்னை? சென்ட்ரலில் இருந்து அளந்தால் ஒரு கணக்கு, தாம்பரத்தில் இருந்து அளந்தால் வேறு கணக்கு. இரண்டுக்கும் கிட்டத்தட்ட 30 கி.மீ. வித்தியாசம் வரும். கார் வாடகை பேசும்போது எங்கிருந்து எங்கே வரை என்பதை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

160 கி.மீ. என்ற எண் எப்படி வருகிறது?

பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம் போதும். திருவண்ணாமலை இருப்பது வட அட்சரேகை 12.22 டிகிரியில். சென்னை சென்ட்ரல் பகுதி 13.08 டிகிரியில். வித்தியாசம் சுமார் 0.86 டிகிரி. ஒரு டிகிரி அட்சரேகை என்பது ஏறக்குறைய 111 கி.மீ. ஆக, தெற்கு வடக்காக இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 95 கி.மீ.

அதேபோல தீர்க்கரேகை வித்தியாசம் சுமார் 1.2 டிகிரி. கிழக்கு மேற்காக இது சுமார் 130 கி.மீ. இந்த இரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்களாக வைத்துக்கொண்டால், கர்ணம் சுமார் 160 கி.மீ. வருகிறது.

இணையதளங்கள் பூமியின் வளைவையும் சேர்த்துக் கணக்குப் போடுகின்றன. ஆனால் இவ்வளவு குறைந்த தூரத்தில் வளைவு பெரிய மாற்றத்தைத் தராது. சென்னையில் இருந்து லண்டன் போகும்போதுதான் அது முக்கியம்.

சரி, அந்த 40 நிமிடம்?

இங்கேதான் குழப்பமே. தூரம் காட்டும் தளங்கள் பலவற்றில் விமான நேரத்தைக் காட்டுவது விமான நிறுவனம் அல்ல, ஒரு ஃபார்முலா. மணிக்கு சுமார் 800 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொண்டு தூரத்தை வகுக்கிறது. ஏறவும் இறங்கவும் என்று சுமார் அரை மணி நேரத்தைக் கூட்டுகிறது. அவ்வளவுதான்.

160 கி.மீ. தூரத்தை 800 கி.மீ. வேகத்தில் கடக்க 12 நிமிடம். அதோடு 30 நிமிடம். மொத்தம் 42 நிமிடம். அந்த ஊரில் ஓடுதளம் இருக்கிறதா, விமானம் போகிறதா என்பதை ஃபார்முலா பார்ப்பதில்லை. நீங்கள் உங்கள் தெருப் பெயரைக் கொடுத்தாலும் விமான நேரம் சொல்லும்!

நிஜத்தில் இவ்வளவு குறைந்த தூரத்தில் ஜெட் விமானம் முழு வேகத்தை எட்டவே முடியாது. மேலே ஏறி முடிப்பதற்குள் இறங்க ஆரம்பிக்க வேண்டும். சென்னை, பெங்களூரு விமான நிலையங்களுக்கு இடையே வான்வழியில் 270 கி.மீ. அளவுதான். ஆனாலும் விமான நிறுவனங்கள் அட்டவணையில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் என்று போடுகின்றன. ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பிறகு வந்து நிற்பது எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் அடக்கம்.

இவ்வளவு குறைந்த தூரத்துக்கு உலகில் யாராவது பறக்கிறார்களா?

பறக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் வடகோடியில் ஆர்க்னி தீவுகள் இருக்கின்றன. அங்கே வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரண்டு தீவுகளுக்கு இடையே தினசரி சேவை போல விமானம் ஓடுகிறது. தூரம் வெறும் 2.7 கி.மீ. பறக்கும் நேரம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. சென்னை விமான நிலையத்தின் பெரிய ஓடுதளமே 3.6 கி.மீ. நீளம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! உலகின் மிகக் குறுகிய பயணிகள் விமான சேவை இதுதான்.

அங்கே ஏன் விமானம்? நடுவில் கடல். பாலம் இல்லை. கனடாவின் வடக்கில் உள்ள இக்காலூயிட் நகரமும் அப்படித்தான். நாட்டின் மற்ற பகுதிகளில் இருந்து அங்கே போக சாலையே கிடையாது.

நம் நாட்டில் லே நகரத்தைச் சொல்லலாம். ஸ்ரீநகரில் இருந்து லேவுக்கு வான்வழியில் சுமார் 255 கி.மீ. சாலையில் போனால் 420 கி.மீ. ஆகிவிடும். குளிர்காலத்தில் சோஜிலா கணவாயில் பனி மூடினால் அந்தச் சாலையும் அடைபடும். அப்போது லேவாசிகளுக்கு விமானம்தான் கதி.

ஆக, விமானம் நேரத்தை மிச்சப்படுத்துவது இரண்டு சூழலில்தான். ஒன்று, தூரம் மிக அதிகமாக இருக்க வேண்டும். இல்லையென்றால், வேறு வழியே இருக்கக் கூடாது. திருவண்ணாமலைக்கு இந்த இரண்டுமே பொருந்தாது.

அப்போ பக்கத்து விமான நிலையம் எது?

திருவண்ணாமலையில் இருந்து வான்வழித் தூரத்தில் பார்த்தால்:

* வேலூர் (அப்துல்லாபுரம்): சுமார் 75 கி.மீ.
* புதுச்சேரி: சுமார் 85 கி.மீ.
* சேலம் (காமலாபுரம்): சுமார் 120 கி.மீ.
* சென்னை (மீனம்பாக்கம்): சுமார் 145 கி.மீ.
* பெங்களூரு (தேவனஹள்ளி): சுமார் 185 கி.மீ.

இந்தப் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தால் வேலூர்தான் பக்கம். ஆனால் அங்கே ஓடுதளம் இருந்தும் வழக்கமான பயணிகள் விமானம் இல்லாமலேயே பல ஆண்டுகள் ஓடிவிட்டன. மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேர்க்கப்பட்டு மேம்பாட்டுப் பணிகள் நடந்த இடம் அது. விமான நிலையம் இருப்பது வேறு, விமானம் இருப்பது வேறு. எனவே 'அருகில் உள்ள விமான நிலையம்' என்று எந்தத் தளம் சொன்னாலும், டிக்கெட் புக் செய்யும் ஆப்பில் அந்த ஊரின் பெயர் வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

புதுச்சேரியில் 2024 டிசம்பர் 20 முதல் இண்டிகோ நிறுவனம் பெங்களூரு, ஹைதராபாத் நகரங்களுக்கு விமானங்களை இயக்கத் தொடங்கியது. சேலத்தில் 2023 அக்டோபரில் விமான சேவை மீண்டும் தொடங்கியது. இரண்டும் சிறிய விமான நிலையங்கள். நாளைக்குச் சில விமானங்களே என்பதால், நம் நேரத்துக்கு அது வராது. அதன் நேரத்துக்கு நாம்தான் போக வேண்டும்.

வெளிநாட்டில் இருந்தும், வட மாநிலங்களில் இருந்தும் வருகிறவர்களுக்கு சென்னைதான் வசதி. விமானங்கள் அதிகம், இரவு எந்நேரம் இறங்கினாலும் கார் கிடைக்கும்.

பெங்களூருவில் இருந்து பறந்து வந்தால் லாபமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெங்களூரு நகரில் இருக்கும் ஒருவர் விமானத்தில் புதுச்சேரி வந்து, அங்கிருந்து திருவண்ணாமலை போக நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

* நகரில் இருந்து தேவனஹள்ளி விமான நிலையம் போக: 1 முதல் 1½ மணி நேரம்
* செக்-இன், பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு: 1½ மணி நேரம்
* விமானம்: சுமார் 1 மணி நேரம்
* இறங்கி, பெட்டி எடுத்து, வண்டி பிடிக்க: ½ மணி நேரம்
* புதுச்சேரியில் இருந்து சாலையில் சுமார் 105 கி.மீ.: 2½ மணி நேரம்

கூட்டினால் 6½ முதல் 7 மணி நேரம். அதே ஆள் வீட்டு வாசலில் இருந்து காரில் கிளம்பி கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியாக வந்தால் சுமார் 205 கி.மீ. தான். சாதாரண நாளில் 4½ முதல் 5 மணி நேரத்தில் கோபுரம் கண்ணில் பட்டுவிடும். டிக்கெட் செலவு செய்து, இரண்டு மணி நேரத்தையும் இழப்பதுதான் மிச்சம்!

ஹைதராபாத்தில் இருந்து வருகிறவர்களுக்குக் கதையே வேறு. அங்கிருந்து சாலையில் வந்தால் முழு இரவு போதாது. அவர்களுக்குச் சென்னையோ புதுச்சேரியோ வரை விமானம், பிறகு சாலை என்பது உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்தும்.

சென்னையில் இருந்து சாலையில் எவ்வளவு நேரம்?

பெரும்பாலானோர் போகும் வழி, ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு, திண்டிவனம். சென்னையில் இருந்து திண்டிவனம் சுமார் 125 கி.மீ. அங்கே வலப்பக்கம் பிரியும் தேசிய நெடுஞ்சாலை 77, செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகிறது. இது இன்னொரு 65 முதல் 70 கி.மீ.

வழியில் தடங்கல் இல்லாவிட்டால் 3½ முதல் 4 மணி நேரம். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை, தொடர் விடுமுறை என்றால் இந்தக் கணக்கு எடுபடாது. பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரியைத் தாண்டுவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். பரனூர், ஆத்தூர் சுங்கச்சாவடிகளிலும் வண்டிகள் நிற்கும். 195 கி.மீ. பயணத்தில் முதல் 40 கி.மீ. தான் நேரத்தை விழுங்கும்.

காஞ்சிபுரம், வந்தவாசி, சேத்துப்பட்டு வழியாகவும் போகலாம். ஆற்காடு, ஆரணி, போளூர் வழியும் உண்டு. மேற்குச் சென்னையில் இருப்பவர்கள் ஜி.எஸ்.டி. நெரிசலைத் தவிர்க்க இந்த வழிகளை எடுக்கிறார்கள்.

பேருந்தில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: திண்டிவனம் மார்க்கத்துப் பேருந்துகள் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் இருந்து கிளம்புகின்றன. 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட முனையம் இது. வடசென்னையில் இருந்து கிளாம்பாக்கம் போகவே ஒன்றரை மணி நேரம் ஆகலாம். பேருந்தில் ஏறிய பிறகுதான் 4 மணி நேரம் என்ற கணக்கு தொடங்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

மீனம்பாக்கத்தில் விமானம் விட்டு இறங்குகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. நகருக்குள் போகவே வேண்டாம். விமான நிலைய வாசலே ஜி.எஸ்.டி. சாலையில்தான் இருக்கிறது. கார் எடுத்தால் நேராகத் தெற்கு நோக்கிப் போய்விடலாம். பேருந்து என்றால் கிளாம்பாக்கம் அங்கிருந்து 20 கி.மீ.க்குள்தான்.

ரயில் ஏன் இவ்வளவு சுற்றிப் போகிறது?

திருவண்ணாமலை ரயில் நிலையம் இருப்பது விழுப்புரம், காட்பாடி பாதையில். 161 கி.மீ. நீளமுள்ள ஒற்றைப் பாதை இது. முன்பு மீட்டர் கேஜ் ஆக இருந்து, 2010-ல் அகலப் பாதையாக மாறியது. சென்னையில் இருந்து வருகிற ரயில் ஒன்று மேற்கே காட்பாடி போய்த் தெற்கே திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் தெற்கே விழுப்புரம் போய் வடமேற்கே திரும்ப வேண்டும். எப்படிப் போனாலும் மூக்கைச் சுற்றித் தொடுகிற கதைதான்.

2024 மே மாதம், சென்னை கடற்கரை, வேலூர் கன்டோன்மென்ட் இடையே ஓடிய மெமு ரயில் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. மாலை 6 மணிக்குக் கடற்கரையில் கிளம்பி நள்ளிரவு 12 மணியளவில் திருவண்ணாமலை சேரும். அதிகாலை 4 மணிக்கு அங்கிருந்து திரும்பும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. அப்போது கட்டணம் 50 ரூபாய். ஆறு மணி நேரப் பயணம் என்றாலும் இந்த ரயிலுக்குக் கிடைத்த வரவேற்பு பெரிது. சென்னையில் இருந்து இவ்வளவு குறைந்த செலவில் திருவண்ணாமலை போக வேறு வழி இல்லை. நேரம் அவ்வப்போது மாற்றப்படலாம் என்பதால், கிளம்பும் முன் ரயில்வே ஆப்பில் பார்த்துக்கொள்வது நல்லது.

இந்தச் சுற்றை ஒழிக்க ஒரு திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. திண்டிவனத்தில் இருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு 70 கி.மீ. புதிய பாதை. 2006-07 ரயில்வே பட்ஜெட் காலத்தில் ஒப்புதல் கிடைத்த திட்டம் அது. நிலம் எடுப்பதில் தாமதம், நிதி ஒதுக்கீட்டில் இழுபறி என்று ஆண்டுகள் உருண்டோடிவிட்டன.

அந்தப் பாதை வந்தால் என்ன ஆகும்? எழும்பூரில் இருந்து திண்டிவனம் சுமார் 120 கி.மீ. அங்கிருந்து 70 கி.மீ. மொத்தம் 190 கி.மீ. அளவுதான். சாலைத் தூரமும் ரயில் தூரமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். விரைவு ரயிலாக இருந்தால் மூன்றரை மணி நேரத்துக்குள் முடிகிற பயணம். வழியில் ரயிலையே பார்க்காத செஞ்சிக்கும் நிலையம் கிடைக்கும். விமானத்தில் போக எத்தனை நிமிடம் என்று தேடுகிறவர்களுக்கு, உண்மையில் நேரத்தை மிச்சப்படுத்தக் கூடியது இந்த 70 கி.மீ. தண்டவாளம்தான்.

திருப்பதியும் சேர்த்துப் போகிறவர்களுக்கு

ஆந்திரா, தெலங்கானாவில் இருந்து வரும் பக்தர்கள் பலர் திருப்பதி, திருவண்ணாமலை இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கிறார்கள். சுவாரசியமான விஷயம், திருப்பதிக்கும் திருவண்ணாமலைக்கும் உள்ள வான்வழித் தூரமும் சுமார் 160 கி.மீ. தான். சாலையில் சித்தூர், வேலூர், போளூர் வழியாக 190 கி.மீ. சொச்சம். நேரமும் சுமார் 4 மணி. இந்த இரண்டு ஊர்களையும் இணைக்கும் ரயில்கள் காட்பாடி வழியாக ஓடுகின்றன. இங்கே சுற்று கிடையாது. பாதை ஏறக்குறைய நேராகவே தெற்கு நோக்கி இறங்குகிறது.

பௌர்ணமி, தீபம்: கடைசி 5 கி.மீ.

ஊரை நெருங்கிவிட்டோம், இனி 10 நிமிடம் என்று மேப் காட்டும். பௌர்ணமி அன்று அதை நம்ப வேண்டாம். கிரிவலப் பாதையில் வாகனங்களுக்குத் தடை இருக்கும். கார்த்திகை தீபத்தன்று ஊருக்கு வெளியே, வரும் சாலைகள் ஒவ்வொன்றிலும் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைக்கப்படும். செஞ்சி சாலையில் வருகிற பேருந்து அந்தப் பக்கத்திலேயே நின்றுவிடும். அங்கிருந்து நடைதான்.

எனவே இறங்கியதும் ஒரு வேலை செய்யுங்கள். எந்தச் சாலையில் உள்ள நிறுத்தத்தில் இறங்கினீர்கள் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது அதே பக்கம்தான் உங்கள் ஊர்ப் பேருந்து நிற்கும். கூட்டத்தில் குடும்பத்தினர் பிரிந்துவிட்டால் சந்திக்கும் இடமாகவும் அதைச் சொல்லி வைக்கலாம். லட்சக்கணக்கானோர் கூடும் இரவில் செல்போன் சிக்னலை நம்பி இருக்க முடியாது.

கிரிவலம் 14 கி.மீ. நிதானமாக நடந்தால் 4 முதல் 5 மணி நேரம். அதாவது, சென்னையில் இருந்து 195 கி.மீ. வருவதற்கு ஆன அதே நேரம்! வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள், வந்த அலுப்போடு உடனே நடக்க வைக்காமல் சில மணி நேரம் ஓய்வு கொடுப்பது நல்லது. நடந்து முடித்த கையோடு அதே டிரைவர் இரவெல்லாம் வண்டி ஓட்டுவதும் ஆபத்து. அவருக்கும் தூக்கம் வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால்

* சென்னை, திருவண்ணாமலை வான்வழித் தூரம் சுமார் 160 கி.மீ. இது வரைபடத் தூரம் மட்டுமே.
* நேரடி விமானம் இல்லை. இணையத்தில் வரும் விமான நேரம் ஃபார்முலா போட்ட கணக்கு.
* சாலையில் 190 முதல் 200 கி.மீ., 3½ முதல் 4 மணி நேரம். விடுமுறை நாட்களில் கூடுதலாக 2 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.
* ரயிலில் சுமார் 6 மணி நேரம். செலவு மிகக் குறைவு.
* வெளியூரில் இருந்து விமானத்தில் வந்தால் சென்னை வசதி. ஹைதராபாத்வாசிகளுக்குப் புதுச்சேரியும் கைகொடுக்கும்.

அடுத்த முறை யாராவது "திருவண்ணாமலை எவ்வளவு தூரம்?" என்று கேட்டால், கிலோமீட்டரைச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கே இருந்து, என்னைக்குக் கிளம்புறீங்க?" சரியான பதில் அதில்தான் இருக்கிறது.